எஸ்றா மேஸ்திரியும் ஐந்து செம்பு வயர்களும்

தூத்துக்குடி ரயில் நிலையத்துக்கு எதிரே வாடகைக் கார்கள் நிற்கும் இடத்தில் எதற்கெடுத்தாலும் வாக்குவாதம் நடக்கும். யார் வண்டி வேகம், யார் வண்டிக்கு பெட்ரோல் தாகம் அதிகம், எந்த டயர் எத்தனை மைல் ஓடும் என்று பேச்சு வளர்ந்துகொண்டே போகும். அதை நிறுத்த ஒரே வழிதான் இருந்தது. யாராவது ஒருவன், "மேஸ்திரி சொன்னாரா?" என்று கேட்க வேண்டும். சொன்னார் என்றால் அத்தோடு பேச்சு முடிந்தது. சொல்லவில்லை என்றால் தொடர்ந்து சண்டை போடலாம்.

அந்த மேஸ்திரி எஸ்றா. நாசரேத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். மிஷன் தொழிற்பள்ளியில் இரும்பு வேலை படித்து, பத்தொன்பது வயதில் தோணியேறிக் கொழும்புக்குப் போய், அங்கே ஒரு மோட்டார்ப் பட்டறையில் பதினாலு வருஷம் இருந்தார். கொழும்பில் ஜப்பான்காரன் குண்டு போட்ட மறு மாதம் ஊர் திரும்பினார். கொண்டுவந்த சொத்து ஒரு தகரப்பெட்டி நிறைய ஸ்பானர்களும், பென்சில் செருகிய ஒரு நோட்டும்தான். கண்ணால் பார்க்காததையும் கையால் அளக்காததையும் அந்த நோட்டில் எழுத மாட்டார். எழுதாததை வாயாலும் சொல்ல மாட்டார். அவர் மனைவி ஜெயபாய் மிஷன் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். "இவங்க வாயில இருந்து ஒரு வார்த்தை வாங்குறதுக்குள்ள நான் ரெண்டு வகுப்பு எடுத்து முடிச்சிருவேன்" என்று அவள் பிறரிடம் சொல்லிச் சிரிப்பாள். உள்ளுக்குள் அதில் அவளுக்குப் பெருமைதான்.

அப்படிப்பட்ட எஸ்றா ஒரே ஒரு முறை, அளக்காமல், பார்க்காமல், பத்துப் பேர் நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டார். அந்தக் கதைதான் இது.

உலக யுத்தம் முடிந்து ஒரு வருஷம் ஆகியும் பெட்ரோலைக் கூப்பனுக்கு அளந்துதான் கொடுத்தார்கள். மாதக் கடைசியில் பாதிக் கார்கள் ஓடாமல் நிற்கும். அந்த வருஷம், மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று தணிய ஆரம்பித்த செப்டம்பரில், மதுரையிலிருந்து ஒரு ஏஜெண்டு வந்து இறங்கினார். வெள்ளைக் கோட்டு, கையில் தோல் பை. பைக்குள் சிவப்பு ரப்பர் உறை போட்ட செம்பு வயர்கள், ஐந்து ஐந்தாகக் கட்டி வைத்திருந்தார். என்ஜினின் ஐந்து இடங்களிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்கு இந்த ஐந்து வயரையும் இழுத்துக் கட்டினால், கார் முன்னைவிட நன்றாக இழுக்கும், ஒரு காலன் பெட்ரோலுக்கு இரண்டு மைல் கூடுதலாக ஓடும் என்றார்.

அவர் முதலில் வந்த இடம் பீச் ரோட்டில் எஸ்றாவின் பட்டறை. பட்டறைக் கட்டடம் இனிகோ பர்னாந்துவுடையது. இனிகோவுக்கு மூன்று தோணிகள், ஒரு பிளசர் கார். தலைமுறை தலைமுறையாகக் கடலில் கிடந்த குடும்பம். காரை அவர் வாடகைக்கு விட்டிருந்தார். ஓட்டியவன் வீரபாகு. எஸ்றாவை நம்பிப் பட்டறையைக் கட்டிக் கொடுத்து, "ஏலே, நீ இருக்கிற வரைக்கும் இது உன் இடம்" என்று சொன்னவர் இனிகோதான்.

அன்று பட்டறையில் இனிகோ இருந்தார். வீரபாகு இருந்தான். காற்றடைக்க வந்த கார்க்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"மின்சாரம் பேட்டரியில இருந்து புறப்பட்டா, வேலையை முடிச்சிட்டுத் திரும்பி வரணுமில்லையா?" என்று ஏஜெண்டு விளக்கினார். "அது திரும்பி வர உங்க வண்டியில என்ஜினுக்கும் சட்டத்துக்கும் நடுவுல ஒரே ஒரு செம்புப் பட்டைதான் இருக்கு. ஒரே ரோடு. நெரிசல்! நம்ம வயரைக் கட்டினா ஆறு ரோடு. சும்மா பறந்து வரும்."

"போற வண்டி ஒண்ணுதானய்யா. அதுக்கு ஆறு ரோடு எதுக்கு?" என்றார் எஸ்றா.

எல்லோரும் சிரித்தார்கள். ஏஜெண்டு முகம் சிவந்தது. "மேஸ்திரிக்குக் கொழும்புப் படிப்பு. இது அமெரிக்காவில் புதுசா வந்தது. தெரியாததைத் தெரியாதுன்னு ஒத்துக்கறதுல தப்பில்லே" என்றார்.

எஸ்றாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. கொழும்பில் பதினாலு வருஷம் அவர் கார்களின் மின்சார வேலைதான் பார்த்தவர். இருக்கிற பட்டை போதுமானது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"அஞ்சு இல்ல, அம்பது வயர் கட்டும். ஒரு ஃபர்லாங் கூடுதலா ஓடாது. ஓடிச்சுன்னா இந்தப் பட்டறைச் சாவியை இனிகோ அண்ணாச்சி கையில குடுத்துட்டு நாசரேத்துக்கு வண்டி ஏறுதேன்."

வீரபாகு மெல்ல, "மேஸ்திரி, ராங்கா வாய விட்டுட்டீரோ?" என்றான்.

"இல்லலே. நெனைச்சுத்தான் சொன்னேன்."

இனிகோ மீசையைத் தடவிக்கொண்டு எஸ்றாவையே பார்த்தார். பிறகு, "சரி. என் கூப்பன்ல இருந்து நாலு காலன் தாரேன். என் வண்டியிலேயே பாத்திருவோம். வாக்குன்னா வாக்கு" என்றார். கடலில் சொன்ன நேரத்துக்குத் தோணியை எடுக்காதவனை அவர் மனுஷனாகவே மதிக்க மாட்டார்.

எப்படிச் சோதிப்பது என்பதை எஸ்றா வகுத்தார். கால் காலன் பிடிக்கும் ஒரு கண்ணாடிப் பாட்டிலை முன் கண்ணாடி ஓரமாகக் கட்டித் தொங்கவிட்டு, அதிலிருந்து ரப்பர்க் குழாயைக் கார்புரேட்டருக்குக் கொடுத்தார். டாங்கியின் வழியை அடைத்தார். திருச்செந்தூர் ரோட்டில் இரண்டாம் மைல் கல்லில் புறப்பட வேண்டும். இருபது மைல் வேகம், கூடவும் கூடாது குறையவும் கூடாது. பாட்டில் காலியாகி வண்டி எங்கே நிற்கிறதோ அதுவரை மைலுக்கு எட்டாக நட்டிருக்கும் ஃபர்லாங் கற்களை எண்ண வேண்டும். பிறகு டாங்கி வழியைத் திறந்து திரும்பி வரலாம். திரும்பி வரும் செலவையும் சேர்த்தால், நாலு காலனுக்கு எட்டே எட்டு ஓட்டம்தான் கிடைக்கும். அவ்வளவும் விடிந்ததும், உப்பளங்களின் மேல் காற்று எழும்பும் முன் முடிய வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை, வயர் இல்லாமல் மூன்று ஓட்டம். வண்டி இருபத்தாறு ஃபர்லாங் ஓடி நின்றது. இரண்டாவது முறை இருபத்தாறாம் கல்லுக்கு முப்பது தப்படி குறைவாக. மூன்றாவது முறை மறுபடியும் இருபத்தாறு. மூன்றும் ஒரே இடத்தைச் சுற்றியே விழுந்ததைப் பார்த்து எஸ்றாவுக்குத் திருப்தி. சோதனை நம்பத் தகுந்ததுதான்.

மத்தியானம் ஏஜெண்டு தன் கையாலேயே ஐந்து வயர்களையும் கட்டினார். சனிக்கிழமை காலை மூன்று ஓட்டம்.

இருபத்தொன்பதரை. முப்பது. முப்பது.

கடைசி ஓட்டத்தில் வண்டி நின்ற இடத்தில் எஸ்றா இறங்கிக் கல்லில் இருந்த எண்ணை இரண்டு தடவை படித்தார். இரு பக்கமும் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைக் கூச வைத்தன. பின்னால் இன்னொரு காரில் வந்தவர்கள் இறங்கிக் கல்லைச் சுற்றி நின்றார்கள். ஏஜெண்டு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாலு ஃபர்லாங்" என்றார்.

"வண்டி குதிரை கணக்கா வருது மேஸ்திரி" என்றான் வீரபாகு. பிறகு தான் சொன்னதை நினைத்து வருத்தப்பட்டவனாக, "நான் என்ன செய்ய? மிதிச்சது ஒரே மிதிதான். நான் இழுக்கிற அந்தச் சோக்குக் குமிழு கூட இன்னிக்குச் சுடல" என்றான்.

எஸ்றா நோட்டை எடுத்து மூன்று எண்களையும் எழுதினார். "பாட்டில் பொய் சொல்லாது அண்ணாச்சி. திங்கக்கிழமை காலையில சாவியை வாங்கிக்கிடுங்க" என்றார்.

இனிகோ கடல் இருந்த திசையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மறுநாள் ஞாயிறு. எஸ்றா அன்று ஸ்பானரைத் தொட மாட்டார். கோயிலில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை ஜெயபாய் பார்த்து, சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அவர் தகரப்பெட்டியை இழுத்து வெளியே வைத்தார்.

"என்னங்க, உங்களுக்குத் தோத்துப் போனது வலிக்குதா, இல்ல, ஏன் தோத்தோம்னு தெரியாததா?" என்று கேட்டாள் ஜெயபாய்.

எஸ்றா யோசித்தார். "ஏன்னு தெரியாததுதான். நாலு ஃபர்லாங் எங்கேருந்து வந்துச்சு? வயர் பெட்ரோலையா கக்கும்?"

"அந்த ஆளு கட்டும்போது வேற என்ன செஞ்சார்? வயரைத் தவிர."

"என்ன செய்வாரு. கட்டினாரு, முறுக்கினாரு."

"அந்தக் காகிதத்தைக் குடுங்க."

வயர்க் கட்டோடு ஏஜெண்டு கொடுத்திருந்த அச்சடித்த இங்கிலீஷ் தாளை எஸ்றா மடித்து நோட்டுக்குள் வைத்திருந்தார். அவருக்கும் இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத் தெரியும். ஆனால் வயர் எந்தெந்த இடத்தில் என்று படத்தை மட்டும் பார்த்துவிட்டு விட்டிருந்தார். ஜெயபாய் ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். பாதிக்கு மேல் புகழ்ச்சி. கடைசிக்கு முந்திய வரியில் நிறுத்தினாள்.

"'வயரை மாட்டும் முன், மாட்டும் இடத்தை, இரும்பு பளபளவென்று தெரியும் வரை அரத்தால் சுரண்டவும்.' சுரண்டினாரா?"

"சுரண்டினாரு" என்றார் எஸ்றா. சொல்லி முடிக்கும்போதே அவர் குரல் மாறியது. "தோணிக்குப் பூசுற கீலு, கரேர்னு உதிர்ந்துச்சு."

"அப்ப நீங்க ரெண்டு காரியத்தை ஒரே நேரத்துல சோதிச்சிருக்கீங்க. வயரு ஒண்ணு, சுரண்டினது ஒண்ணு. என் மூணாங்கிளாஸ் பிள்ளை இப்படிக் கணக்குப் போட்டா நான் மார்க் குடுக்க மாட்டேன்."

எஸ்றா எழுந்து நின்றார். உட்கார்ந்தார். மறுபடியும் எழுந்தார். இப்போது அவருக்கு எல்லாம் வரிசையாகத் தெரிந்தது.

இனிகோ தன் காரையும் தோணியைப் போலவே பராமரிப்பவர். வருஷா வருஷம் பனிமய மாதா திருவிழாவுக்கு முன்னால் தோணிகளைக் கரையேற்றித் தார் போன்ற கீலைக் காய்ச்சிப் பூசும்போது, காரையும் கொண்டுவந்து நிறுத்தி அடிச்சட்டம் முழுக்கக் கீல் பூசச் சொல்வார். மேலோடு பூசினால் போதாது. தோணியில் ஒவ்வோர் ஆணியின் தலைக்கு அடியிலும் கீல் போக வேண்டும், இல்லையென்றால் அந்த ஆணி வழியாகத்தான் தண்ணீர் வரும். அதே மாதிரி காரின் ஒவ்வொரு போல்ட்டையும் கழற்றி, அடியில் காய்ச்சின கீலை விட்டு, பிறகு முறுக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு. உப்புக் காற்றில் மற்ற கார்களின் அடிச்சட்டம் நாலே வருஷத்தில் அப்பளமாக உதிரும்போது, இனிகோவின் கார் பத்து வருஷமாகக் கல்லுப் போல் இருந்தது. அதில் அவருக்கு அளவில்லாத பெருமை.

என்ஜினையும் அடிச்சட்டத்தையும் சேர்க்கிற செம்புப் பட்டையின் போல்ட்டுக்கு அடியிலும் அந்தக் கீல் போயிருக்கும். கீல் தண்ணீரையும் விடாது, மின்சாரத்தையும் விடாது. திரும்பிப் போக வழியில்லாத மின்சாரம் கிடைத்த சந்தில் நுழைந்திருக்கிறது, ஓட்டுபவன் இழுக்கும் குமிழிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக்குக் கம்பி உட்பட. அதனால்தான் குமிழ் சுட்டது. இரண்டு வருஷமாக வீரபாகு அதைச் சொல்லிச் சொல்லி, "என்ஜின் சூடுலே" என்று எஸ்றா அவனைத் துரத்தியிருந்தார். பிளக்கில் தீப்பொறி நோஞ்சானாக விழ, பெட்ரோலில் கொஞ்சம் எரியாமலே வெளியே போயிருக்கிறது.

"அந்தப் போல்ட்டை முறுக்கினது யாரு தெரியுமா ஜெயா? நான்தான்."

"சந்தோஷம். நாளைக்குப் போய்ச் சொல்லுங்க."

"அண்ணாச்சியோட கீலையில்லா குத்தம் சொல்லணும். அதுவும் அத்தனை பேர் முன்னால."

"குத்தம் சொல்ல வேண்டாம். இன்னும் எத்தனை பாட்டில் இருக்கு?"

"ரெண்டு."

"ரெண்டு கேள்விக்கு ரெண்டு பாட்டில் போதும்" என்றாள் ஜெயபாய். "அந்த டிரைவருக்கு மட்டும் எது எதுன்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா அவர் கால் தன்னால நியாயம் பேசும்."

திங்கட்கிழமை விடிந்தபோது பட்டறை வாசலில் இருபது பேர் கூடியிருந்தார்கள். எஸ்றா சாவியைக் கொடுப்பதைப் பார்க்க வந்த கூட்டம். ஏஜெண்டு ஒரு தாளோடு வந்திருந்தார். வயரால் நாலு ஃபர்லாங் கூடியது என்று தட்டச்சு செய்து, கீழே எஸ்றாவின் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார். அந்தக் கையெழுத்து கிடைத்தால் தூத்துக்குடி மட்டுமில்லை, திருநெல்வேலி வரை வயர் விற்றுவிடும்.

"வாரேன் ஐயா. முதல்ல அண்ணாச்சிகிட்ட ஒரு வார்த்தை" என்று எஸ்றா இனிகோவை உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார். ஐந்து வயர்களையும் கழற்றினார். பிறகு காருக்கு அடியில் படுத்து, செம்புப் பட்டையின் போல்ட்டைத் திருகி எடுத்து, பட்டையை மெல்ல மடக்கிக் காட்டினார். பட்டைக்கும் இரும்புக்கும் நடுவே கீல், தோசை கனத்தில், கண்ணாடி மாதிரி கறுத்து உறைந்திருந்தது.

இனிகோ குனிந்து பார்த்தார். "என் கீலு" என்றார், கொஞ்சம் பெருமையாகக்கூட. "ஒரு சொட்டுத் தண்ணி போகாது பாத்துக்க."

"மின்சாரமும் போகல அண்ணாச்சி."

இனிகோவின் முகம் இறுகியது. "என்னலே சொல்லுத? தோத்தது நீ. அதுக்கு என் கீலைப் பழி சொல்லி உன் வாக்கைக் காப்பாத்தப் பாக்கியா? எங்க அப்பா காலத்துல இருந்து பூசுற கீலு இது. இந்தக் கீலை நம்பித்தான் கொழும்புக்குச் சரக்கு போகுது, நீயும் அதுலதான் போன!"

"கீலு நல்ல கீலுதான். அதைப் போகக் கூடாத இடத்துல விட்டு முறுக்கினது என் கை. நான் தடுத்திருக்கணும். தடுக்கல." எஸ்றா கைகளைத் துடைத்துக்கொண்டார். "சாவி உங்களுக்குத்தான், அதுல மாத்தமில்ல. மிச்சம் ரெண்டு பாட்டில் இருக்கு. அதை மட்டும் தாங்க. நான் சொல்லுறது தப்புன்னா அதையும் பாட்டிலே சொல்லட்டும்."

வெளியே கூட்டம் முணுமுணுத்தது. இனிகோ அந்தக் கறுத்த வட்டத்தைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். கூப்பன் பெட்ரோல் கொடுத்தால், அது அவர் கீலுக்கு எதிராகவே ஓடக்கூடும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"எடு" என்றார்.

எஸ்றா பட்டை உட்காரும் இடத்தில் மட்டும், அரையணாக் காசு அகலத்துக்கு, இரும்பு வெள்ளையாகத் தெரியும் வரை சுரண்டினார். பட்டையின் நுனியையும் தேய்த்தார். முறுக்கினார். புது வயர் ஒன்றுகூட வைக்கவில்லை. பானெட்டை மூடிக் கயிறு போட்டுக் கட்டி, முடிச்சில் அரக்கு உருக்கி ஊற்ற, இனிகோ தன் மோதிரத்தை அழுத்தினார். உள்ளே என்ன இருக்கிறது என்று அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரியும்.

"மேஸ்திரி, உள்ள வயர் இருக்கா இல்லியா?" என்று கேட்டான் வீரபாகு.

"நீ ஓட்டுலே."

வண்டி உப்பளங்களுக்கு நடுவே போயிற்று. எஸ்றா பக்கத்தில் உட்கார்ந்து பாட்டிலைப் பார்க்காமல் வேகமானியையே பார்த்தார். இருபத்தாறாவது கல் வந்தது. வண்டி நிற்கவில்லை. இருபத்தேழு. இருபத்தெட்டு. இருபத்தொன்பதைத் தாண்டும்போது வீரபாகு, "சத்தியமா வயர் இருக்கு மேஸ்திரி! எனக்குத் தெரியாதா? குதிரை!" என்றான். முப்பதாம் கல்லைத் தாண்டிப் பத்துத் தப்படி போனதும் என்ஜின் இருமி நின்றது.

பட்டறைக்குத் திரும்பி, மறுபடியும் கதவைச் சாத்தி, இப்போது சுரண்டின பட்டையோடு ஐந்து வயர்களையும் சேர்த்து மாட்டினார். மறுபடியும் கயிறு, அரக்கு, மோதிரம். கடைசிப் பாட்டில்.

இந்த முறை வீரபாகு பாதி வழியிலேயே உதட்டைப் பிதுக்கினான். "வயரைக் கழட்டிட்டீக. தெரியுது. இழுவையே இல்ல."

வண்டி முப்பதாம் கல்லுக்கு நேராக நின்றது.

பின்னால் வந்த கார்களிலிருந்து எல்லோரும் இறங்கி ஓடிவந்தார்கள். இனிகோ தன் மோதிரத்தின் முத்திரையைத் தானே உடைத்துப் பானெட்டைத் தூக்கினார். ஐந்து சிவப்பு வயர்களும் உள்ளே இருந்தன. வீரபாகு அவற்றைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான். "அப்ப முன்னால ஓட்டினது?"

"அப்ப ஒரு வயரும் இல்ல" என்றார் எஸ்றா.

ஒருவன், "குதிரைக்காரா!" என்று கூப்பிட, ரோடே சிரித்தது. அன்றிலிருந்து வீரபாகுவுக்கு அதுதான் பேர்.

சிரிப்பு அடங்கட்டும் என்று எஸ்றா காத்திருந்தார். பிறகு கல்லின் பக்கத்தில் நின்று, வகுப்பில் பாடம் ஒப்பிக்கிறவர் போல, ஓட்டங்களை வரிசையாகச் சொன்னார். கீல் ஏறின பட்டையோடு இருபத்தாறு. கீல் ஏறின பட்டையோடு வயர் சேர்த்தால் முப்பது. பட்டையைச் சுத்தம் செய்தால், வயர் இல்லாமலே முப்பது. சுத்தம் செய்து வயரும் சேர்த்தால் அதே முப்பது.

"பட்டை சுத்தமா இருந்தா வயரால ஒரு பிரயோசனமும் இல்ல. ஆனா நான் அன்னைக்குச் சொன்னது, வயர் கட்டினா ஒரு ஃபர்லாங் கூடாதுன்னு. நாலு கூடிச்சு. பட்டையை நான் பாக்காமப் பேசிட்டேன்" என்று சாவியை எடுத்து இனிகோவிடம் நீட்டினார்.

கூட்டத்தில் யாரும் இதை எதிர்பார்க்கவில்லை. ஜெயித்தவன் தோற்றதாகச் சொல்லிக்கொள்வதை அவர்கள் பார்த்ததில்லை. கீல் எப்படி அங்கே போயிற்று என்பதை எஸ்றா சொல்லாமல் விட்டதையும் இனிகோ ஒருவர் மட்டும் கவனித்தார்.

அவர் சாவியை வாங்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஒவ்வொரு போல்ட்டுக்கு அடியிலும் கீல் விடச் சொன்னது நான். கார் தண்ணியில மிதக்காதுன்னு எனக்கு யாரும் சொல்லல. இவன் வாக்குக்காகப் போகணும்னா, என் கீலுக்காக நானும்லா போகணும். ரெண்டு பேரும் போயிட்டா இந்த ஊர்ல எவன்லே வண்டி பாப்பான்?"

"குதிரைக்காரன் பாப்பான்!" என்று யாரோ ஒருவன் கத்தினான்.

ஏஜெண்டு இவ்வளவு நேரமும் தன் தாளைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. தான் விற்கிற வயரை அவரும் நம்பியிருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. "அப்போ கையெழுத்து?" என்றார் தயக்கத்தோடு.

"கண்டிப்பா போடுதேன். நான் பாத்ததை எழுதி, அதுக்குக் கீழே."

அன்று சாயங்காலம் ஜெயபாய் பள்ளியிலிருந்து நேரே பட்டறைக்கு வந்தாள். எஸ்றா சொல்லச் சொல்ல, இடப்பக்கம் தமிழிலும் வலப்பக்கம் இங்கிலீஷிலும், கார்பன் வைத்து இரண்டு படி எழுதினாள். எட்டு ஓட்டங்கள், எட்டு எண்கள். காற்று எப்படி இருந்தது, வேகம் என்ன, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்று எல்லாம். கீல் பூசியதால் அடிச்சட்டம் பத்து வருஷமாகத் துருப்பிடிக்கவில்லை என்பதையும் எஸ்றா எழுதச் சொன்னார். "உண்மைதானே, ஏன் விடணும்?" பட்டை உட்காரும் காசு அகலத்தை மட்டும் சுரண்டி, முறுக்கிய பிறகு மேலே கீல் பூசினால் இரண்டுக்கும் கேடில்லை என்று முடித்தார். ஏஜெண்டு ஒரு படியை வாங்கி நின்றபடியே முழுக்கப் படித்தார். பிறகு தன் தட்டச்சுத் தாளைக் கிழித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, "கையில ஒரு அரம் இருந்தா குடுங்க மேஸ்திரி. கோவில்பட்டியில ஏற்கெனவே ஏழு வண்டிக்கு வித்துட்டேன். அதுல பட்டை எப்படி இருக்குன்னு பாக்கணும்" என்றார். எஸ்றா நல்ல அரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

மறு படியைப் பட்டறைச் சுவரில் ஒட்டினார்கள். எஸ்றாவின் கையெழுத்துக்குக் கீழே இனிகோ தன் பேரை, தோணிப் பத்திரங்களில் போடுகிற அதே பெரிய எழுத்தில் போட்டார். "என் கீலைப் பத்தி எழுதியிருக்கும்போது என் பேர் இல்லாம எப்படி?"

அடுத்த வாரம் முழுக்க ஸ்டாண்டு கார்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. வயர் கேட்டு ஒருவரும் வரவில்லை. "மேஸ்திரி, பட்டையைப் பாத்திருங்க" என்றுதான் வந்தார்கள். உப்புக் காற்று தின்று பச்சை பூத்த பட்டைகள் எத்தனையோ இருந்தன. எஸ்றா ஒவ்வொன்றையும் பார்த்து நோட்டில் எழுதினார். நன்றாக இருந்த பட்டையை நன்றாக இருக்கிறது என்று சொல்லித் திருப்பி அனுப்பினார். ஜெயபாய் தன் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை ஒருநாள் வரிசையாகக் கூட்டிவந்து, சுவரில் இருந்த தாளைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். பிள்ளைகள் படிக்கும்போது எஸ்றா காருக்கு அடியில் இருந்தார். வெளியே வர வெட்கப்பட்டு, படித்து முடியும் வரை அங்கேயே கிடந்தார்.

பிள்ளைகள் படித்து முடித்து வாசலில் வரிசை கட்டும்போது வீரபாகு சுவரின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றான்.

"ஏன் டீச்சர், எட்டு ஓட்டத்தையும் ஓட்டினது யாரு? கல்லு இருக்கு, காத்து இருக்கு, கீலு கூட இருக்கு. என் பேரை எங்கன காணோம்?"

ஜெயபாய் எஸ்றாவைப் பார்த்தாள். எஸ்றா காருக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, நோட்டில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவன் கையில் கொடுத்தார். வீரபாகு வேட்டியில் கையைத் துடைத்தான். நாக்கைக் கடித்துக்கொண்டு, இனிகோவின் பேருக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாக, 'வீரபாகு, டிரைவர்' என்று எழுதி முடித்து, இரண்டடி பின்னால் வந்து நின்று பார்த்தான்.